மக்கள் வண்டியும் அஞ்சு மார்க் ஸ்டாம்ப்பும்

மச்சான் போன வாரம் போன் பண்ணினார். பழைய போலோ ஒண்ணு விலைக்கு வருதாம். "மாப்ளே, ஜெர்மன்காரன் செஞ்சது. கதவைச் சாத்தினாலே டொப்புன்னு ஒரு சத்தம் வருது பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம். நம்பி வாங்கலாம்ல?" என்றார்.

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டிய விஷயம். நமக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே. 'நம்பி' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமா ஃபோக்ஸ்வேகன் கதையைத் தோண்டிக்கிட்டிருக்கேன். தோண்டினால் முதலில் கிடைத்தது காரே இல்லைங்க. ஒரு அட்டை.

எங்க அத்தையிடம் தீபாவளி ஃபண்டு அட்டை ஒன்று இருந்தது. வாரா வாரம் பணம் கட்டினால் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். ஒரு வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் ஃபண்டு நடத்தினவர் ஊரிலேயே இல்லை. அத்தை அந்த அட்டையை ரொம்ப நாள் பீரோவில் வைத்திருந்தார். கட்டம் எல்லாம் ஒழுங்காக நிரம்பிய அட்டை.

ஃபோக்ஸ்வேகனின் அட்டையும் அதேதான். 1938-ல் ஜெர்மனியில் நாஜிக் கட்சியின் 'மகிழ்ச்சி வழியே வலிமை' என்ற அமைப்பு ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாரம் 5 மார்க் கட்டி ஒரு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். காரின் விலை 990 மார்க். கணக்குப் போட்டால் 198 வாரம், கிட்டத்தட்ட நாலு வருஷம். சேர்த்த பணத்துக்கு வட்டி கிடையாது. பாதியில் விலகவும் முடியாது. மொத்தம் சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள், ஏறத்தாழ 28 கோடி மார்க் கட்டினார்கள்.

அதில் ஒருத்தருக்குக்கூட கார் கிடைக்கவில்லை. ஒரே ஒருத்தருக்குக்கூட! போர்க்காலத்தில் சில நூறு கார்கள் செய்தார்கள், அதெல்லாம் அதிகாரிகளுக்கும் கட்சிப் பெரிய மனிதர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

தொழிற்சாலை வந்த விதமும் தெரிஞ்சுக்க வேண்டியது. 1938 மே 26-ல் ஃபாலர்ஸ்லேபன் பக்கத்தில் ஹிட்லரே அடிக்கல் நாட்டினார். கட்டிய பணத்தில் ஒரு பகுதி, 1933-ல் தொழிற்சங்கங்களிடமிருந்து பிடுங்கிய சொத்து. ஃபோக்ஸ்வேகன் என்றால் 'மக்கள் வண்டி' என்று அர்த்தம். மக்கள் பணம் என்னவோ நிச்சயமாக அதில் இருந்தது!

காரை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பின்பக்க எஞ்சினோடு, மலிவாக, ஒரு சின்னக் குடும்பக் கார் என்ற யோசனைக்காக அதற்கு முன்பே மாய்ந்து மாய்ந்து எழுதியவர் யோசெஃப் கான்ட்ஸ். பொறியாளர், மோட்டார் பத்திரிகையின் ஆசிரியர், யூதர். 1931-ல் அவர் செய்த மாதிரிக் காருக்கு வைத்த பெயரே ஒரு வண்டின் பெயர்தான். 1933-ல் கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. அடுத்த வருஷம் நாட்டை விட்டே போனவர், கடைசியில் 1967-ல் ஆஸ்திரேலியாவில் இறந்தார். செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா கம்பெனியும் 'எங்க டிசைனை எடுத்துட்டீங்க'ன்னு சண்டைக்குப் போய், அந்த விவகாரம் போர் முடிந்து பல வருஷம் கழித்துப் பணம் கொடுத்துத்தான் தீர்ந்தது.

போர் ஆரம்பித்ததும் அந்தத் தொழிற்சாலையில் ராணுவ வண்டிதான். வேலை செய்தது யார்? சுமார் 20,000 பேர் கட்டாயத் தொழிலாளர்கள். போலந்து, சோவியத் நாட்டு மக்கள், போர்க் கைதிகள், வதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அப்படி வந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு 'காப்பக'த்தில் போட்டார்கள். பிறகு 1944-ல் அதை ரூஹென் என்ற கிராமத்துக்கு மாற்றினார்கள். அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இறந்து போயின. கொன்றது குண்டோ துப்பாக்கியோ இல்லை. அழுக்கும் பட்டினியும் நோயும் அலட்சியமும். பொறுப்பாக இருந்த தொழிற்சாலை டாக்டரை பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்து 1947-ல் தூக்கிலிட்டது. இதைப் படித்த அன்றைக்கு வேறு எதையும் படிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது, அப்புறம் அந்தப் பகுதி பிரிட்டிஷ்காரர்கள் கைக்குப் போனது. ஊருக்கு வோல்ஃப்ஸ்பர்க் என்று புதுப் பெயர். குண்டு விழுந்து பாதி இடிந்து கிடந்த தொழிற்சாலையைக் கழற்றி, நஷ்ட ஈடாக யாராவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்பதுதான் முதலில் இருந்த எண்ணம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் வருகிறார். மேஜர் ஐவன் ஹர்ஸ்ட், வயசு 29. பிரிட்டிஷ் ராணுவத்தின் மெக்கானிகல் பிரிவு. ஆகஸ்ட் 1945-ல் அவரை அங்கே அனுப்பினார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? மிச்சமிருந்த ஒரு காருக்கு ராணுவப் பச்சை பெயின்ட் அடித்துத் தலைமையகத்துக்கு அனுப்பி வைத்தார். ராணுவத்துக்கு அப்போது வண்டிப் பஞ்சம். 20,000 வண்டிக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஆர்டர் இருக்கிற தொழிற்சாலையை எவன் கழற்றுவான்? ஓட்டைக் கூரை வழியே மழை ஒழுகிக்கொண்டிருக்க, நிலக்கரிக்கும் இரும்புக்கும் அலைந்து, 1946 மார்ச்சில் மாசம் ஆயிரம் கார் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். வாங்கியவர்களுக்குச் சர்வீஸும் உதிரிபாகமும் ஒழுங்காகக் கிடைக்க ஏற்பாடு, தரச் சோதனை எல்லாம் அவர் காலத்தில் ஆரம்பித்ததுதான். 'ஜெர்மன் தரம்'னு நாம சொல்றோமே, அதுக்கு உரம் போட்டதில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கும் பங்கு உண்டு :-)

இதில் வேடிக்கை, பிரிட்டிஷ் கார்க் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இந்த வண்டியை எவன் வாங்குவான் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஃபோர்டும் வேண்டாம் என்றுவிட்டது. 1948 ஜனவரியில் ஓப்பலில் இருந்து வந்த ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் பொறுப்பேற்றார். 1949-ல் ஹர்ஸ்ட் கிளம்பிப் போனார், தொழிற்சாலை ஜெர்மானியர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. 1955 ஆகஸ்ட்டில் பத்து லட்சமாவது வண்டு வெளியே வந்தது.

அப்போ அட்டை வைத்திருந்தவர்கள்? அவர்களும் கேட்டார்கள். 'நாங்க கட்டின பணத்துக்கு கார் எங்கே?'ன்னு கோர்ட்டுக்குப் போனார்கள். கம்பெனி சொன்ன பதில்: பணம் வாங்கியது நாஜி அமைப்பு, நாங்கள் இல்லை, அந்தப் பணமும் எங்களிடம் வரவில்லை. (பெர்லின் வங்கியில் கிடந்த பணத்தை சோவியத் படை எடுத்துக்கொண்டது என்பது உண்மைதான்.) பத்து வருஷத்துக்கு மேல் இழுத்து, 1961-ல் ஒரு சமரசம். முழுப் பணமும் கட்டியவர்களுக்குப் புதுக் கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி, கார் வேண்டாம் என்றால் ரொக்கமாக 100 மார்க். சட்டப்படி கம்பெனி பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனாலும் எனக்கு அத்தையின் பீரோதான் ஞாபகம் வந்தது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில்தான் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஃபோக்ஸ்வேகனுக்கு 'உண்மை பேசும் கம்பெனி' என்ற பெயர் கிடைத்தது. பெயர் வாங்கிக் கொடுத்தது நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பரக் கம்பெனி. அதன் மூளையான பில் பெர்ன்பாக் ஒரு யூதர். ஹிட்லர் அடிக்கல் நாட்டிய தொழிற்சாலையின் காருக்கு அவர் விளம்பரம் செய்கிறார், போர் முடிந்து பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை. வாசலிலேயே எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்கக் கார்கள் எல்லாம் கப்பல் மாதிரி நீளமாகவும் இறக்கை வைத்தும் ஓடிய காலம். 1959-ல் இவர்கள் ஒரு வெள்ளைப் பக்கத்தின் மூலையில் தம்மாத்துண்டு காரைப் போட்டு, சின்னதாக யோசியுங்கள் என்ற பொருளில் இரண்டே வார்த்தை எழுதினார்கள். அடுத்த வருஷம் வந்தது இன்னும் துணிச்சல். காரின் படத்துக்குக் கீழே 'லெமன்' என்று ஒரே வார்த்தை. அமெரிக்கப் பேச்சில் லெமன் என்றால் சொத்தை வண்டி. தன் காரையே சொத்தை என்கிறானே என்று பதறிப்போய்ப் படித்தால், உள்ளே விஷயம் வேறு. டேஷ்போர்டு அறையின் குரோமியப் பட்டையில் ஒரு சின்னக் குறை இருந்ததால் இந்தக் காரைத் தொழிற்சாலையே நிராகரித்துவிட்டது என்று எழுதியிருப்பார்கள். விளம்பரம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

அப்புறம் வண்டு பறந்த கதை உங்களுக்கே தெரியும். 1972-ல் ஃபோர்டின் மாடல் டி சாதனையை உடைத்தது. ஜெர்மனியில் நிறுத்திய பிறகும் மெக்சிகோவில் ஓடிக்கொண்டே இருந்து, 2003 ஜூலை 30-ல் பூப்லா தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவந்தது. மொத்தம் 2,15,29,464.

பழைய பாவத்தைக் கம்பெனி மூடி மறைத்தது என்றும் சொல்ல முடியாது. 1986-ல் ஹான்ஸ் மோம்சன் என்ற பெரிய வரலாற்றாசிரியரிடம் ஆவணங்களைத் திறந்துவிட்டார்கள். அவரும் மான்ஃப்ரெட் க்ரீகரும் எழுதி 1996-ல் வந்த புத்தகம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1998-ல் கட்டாயத் தொழிலாளர்களுக்காக 2 கோடி மார்க் நிதியும் வைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, இருந்தாலும் செய்தார்கள். அதற்கான மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். (அதே க்ரீகர் கம்பெனியின் வரலாற்று அதிகாரியாக இருந்தார். ஆடி கம்பெனியின் நாஜிக் கால வரலாறு பற்றிய ஒரு ஆய்வை விமர்சித்ததைத் தொடர்ந்து 2016-ல் விலகிப் போனார். என்னத்தைச் சொல்ல.)

இனி டீசல். 2013-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு. அதில் ஆராய்ச்சி செய்தவர்களில் அரவிந்த் திருவேங்கடம் ஒருவர் (பெயரிலேயே நம்ம ஊர் வாசனை வருதில்ல?), பெங்களூரின் ஹேமந்த் கப்பண்ணா ஒருவர், மார்க் பெஷ் ஒருவர். ஒரு லட்சம் டாலர்கூட ஆகாத வேலை. ஃபோக்ஸ்வேகன் டீசல் சுத்தமானது என்று நிரூபித்தால் ஐரோப்பாவுக்குப் பாடமாக இருக்கும் என்பதுதான் கொடுத்தவர்களின் எண்ணமே. பின்னால் புகை அளக்கும் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸாட்டை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். ஜெட்டாவையும் கலிஃபோர்னியாவில் ஓட்டினார்கள். சோதனைச் சாலையில் உருளைகள் மேல் ஓடும்போது சமர்த்தாக இருந்த கார்கள், ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கின. ஜெட்டா, அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு. தங்கள் கருவியில்தான் ஏதோ கோளாறு என்றே முதலில் நினைத்தார்களாம்.

கோளாறு கருவியில் இல்லை, காரின் மென்பொருளில். சோதனையில் சக்கரம் சுற்றும், ஸ்டீயரிங் திரும்பாது, வேகம் ஒரு குறிப்பிட்ட வரிசையில் ஏறி இறங்கும். இதையெல்லாம் வைத்து 'இன்ஸ்பெக்டர் வந்திருக்கார்'னு காருக்கே தெரிந்துவிடும். உடனே புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பு முழுசா வேலை செய்யும். ரோட்டுக்கு வந்ததும் அடக்கி வாசிக்கும். முழு நேரமும் வேலை செய்யவிட்டால் எரிபொருள் செலவும் பாகங்களின் தேய்மானமும் கூடும், அதற்காக இந்தக் குறுக்கு வழி. மூல மென்பொருளுக்குக் கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் 'ஒலிச் செயல்பாடு'. எவ்வளவு சாதுவான பெயர்!

ஒரு வருஷத்துக்கு மேல் சாக்குப்போக்கு சொன்னார்கள். 2015 செப்டம்பர் 18-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு பகிரங்கமாக அறிவித்தது. ஐந்தே நாளில் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் ராஜினாமா. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள். 2017-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதம், திரும்ப வாங்கிய கார்கள் எல்லாம் சேர்த்து 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. இந்தியாவில் 2015 டிசம்பரில் சுமார் 3,23,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள், 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. ஜெர்மனியில் 2025 மே மாதம்தான் முன்னாள் அதிகாரிகள், பொறியாளர்கள் நாலு பேருக்குத் தீர்ப்பு வந்தது, இரண்டு பேருக்குச் சிறை.

தொகையெல்லாம்கூட மறந்துவிடும். எனக்கு மறக்காதவை இரண்டு. ஒன்று, அதே 2015-ல் அமெரிக்காவில் ஓடிய விளம்பரம். டீசல் அழுக்கு இல்லை என்று காட்ட ஒரு பாட்டி தன் வெள்ளை ஸ்கார்ஃபைப் புகைக்குழாயில் பிடிப்பார். ஸ்கார்ஃப் வெள்ளையாகவே இருக்கும். நைட்ரஜன் ஆக்சைடு துணியில் கறை படிய வைக்காதுங்க, நுரையீரலைத்தான் பதம் பார்க்கும். ஒரு குரோமியப் பட்டைக் குறையை ஊருக்கே சொன்ன கம்பெனி!

இன்னொன்று 2018-ல் வெளிவந்தது. ஜெர்மன் கார்க் கம்பெனிகள் பணம் போட்ட ஒரு அமைப்பு, 2014-ல் அமெரிக்காவின் ஆல்பகர்க்கியில் பத்துக் குரங்குகளை அறைக்குள் அடைத்து, டி.வி.யில் கார்ட்டூன் போட்டுவிட்டு, டீசல் புகையைச் சுவாசிக்க வைத்துச் சோதித்திருக்கிறது. புகை வந்த கார் ஒரு புது மாடல் வண்டு. அந்தக் காரிலும் அந்தத் திருட்டு மென்பொருள் இருந்தது. அதாவது குரங்குகளையும் ஏமாற்றியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி மச்சானுக்குப் போன் போட்டு, அட்டையில் ஆரம்பித்து குரங்கு வரைக்கும் சொன்னேன். முக்கால் மணி நேரம். நடுவில் அவர் ரெண்டு தடவை 'ம்' கொட்டினதாக ஞாபகம். கடைசியில், "அந்த போலோ டீசலா பெட்ரோலா?" என்று கேட்டேன்.

"பெட்ரோல்தான் மாப்ளே."

"அப்போ நல்ல மெக்கானிக்கா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் ஓட்டிப் பார்த்துட்டு வாங்குங்க. ரோட்டுல ஓட்டிப் பாருங்க, ஷெட்டுல வச்சு இல்ல."

"இதைப் போன வாரமே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.