வாத்தியார் பெல்



'பந்து உதைக்கிற பிள்ளை படிப்பிலே தேறாது' என்று நம் தோட்டப்புறங்களில் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டிலும் தேறிய ஒரு வாத்தியாரின் வரலாறு இது. அவர் பெயர் டோனால்ட் சிம்சன் பெல்.

இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் 1890 டிசம்பர் 3-ஆம் நாள் பிறந்தார். லண்டனில் ஆசிரியர் பயிற்சி முடித்து, சொந்த ஊரிலேயே பள்ளி ஆசிரியரானார். சம்பளம் போதவில்லை. ஆகவே, 1912-இல் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ குழுவில் ஊதியம் பெறும் காற்பந்து வீரராகவும் சேர்ந்தார்.

1914-இல் முதலாம் உலகப் போர் மூண்டது. பெல் அதே ஆண்டு நவம்பரில் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு அதிகாரியாக உயர்ந்தார். 1916 ஜூனில் ரோடா என்ற மங்கையை மணந்தார். மணக்கோலம் கலையுமுன்னே பிரான்சுப் போர்முனைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஜூலை 5. சோம் போர்க்களம். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஒன்று இவர் படையினர் மீது குண்டுமாரி பொழிந்தது. பெல் இரண்டு தோழர்களோடு அகழி வழியே தவழ்ந்து போனார். பிறகு எழுந்து, திறந்த வெளியிலே ஒரே ஓட்டமாக ஓடினார்! சுட்டுக்கொண்டிருந்தவனைக் கைத்துப்பாக்கியால் வீழ்த்தினார். கையெறி குண்டு வீசித் துப்பாக்கியை அழித்தார். திடலிலே ஓடிப் பழகிய கால்களல்லவா!

அன்னைக்கு எழுதிய கடிதத்தில் பெருமை பேசினாரா? இல்லை. 'தற்செயலாக அமைந்தது, நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை' என்ற பொருளிலேதான் எழுதினார்.

ஐந்தே நாட்கள். ஜூலை 10-இல் கோந்தல்மேசோன் கிராமத்தில் அதே போன்ற வீரச்செயலில் உயிர் நீத்தார். வயது 25. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கையால் வாங்கியவர் இளம் விதவை ரோடா.

ஹாரோகேட் தன் மகனை மறக்கவில்லை. அங்குள்ள தேவாலயத்தில் அவருக்கு நினைவுப் பலகை உண்டு. நகரின் போர் நினைவுத் தூண் அருகே அவர் பெயர் பொறித்த கல்லும் உண்டு. அவர் வீழ்ந்த கிராமத்தில் 2000-ஆம் ஆண்டு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 2010-இல் அவருடைய பதக்கம் ஏலத்துக்கு வந்தபோது, காற்பந்து வீரர்களின் சங்கமே அதை வாங்கியது.

போரை நான் புகழவில்லை. அது ஒரு நல்ல வாத்தியாரைப் பள்ளியிலிருந்தும், ஒரு பெண்ணின் வாழ்விலிருந்தும் பறித்துவிட்டது. பதக்கம் பளபளக்கும், போன உயிர் திரும்புமா?

மாணவர்களே, இன்று பரிசு வாங்கும்போது பெல்லின் பணிவை நினையுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கையில் புத்தகமும் கொடுங்கள், காலில் பந்தும் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் முழு மனிதன்!