கற்பிட்டி தந்த அறிஞர்

இத்தாலி தேசத்திலே போலோனியா என்றொரு நகரம் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியது என்பது மரபு. ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுள் அதுவே மூத்தது எனப் போற்றப்படுகின்றது. ஆயினும், அதன் கல்விக்கூடங்கள் யாவும் ஒரே மாளிகையில் ஒன்றுசேர்ந்தது 1563ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியர் இல்லங்களிலும் வாடகைக் கூடங்களிலுமே பாடம் நடந்து வந்தது. மாணவர்கள் சங்கமாகக் கூடி, தாமே ஆசிரியர்களை அமர்த்தி ஊதியமும் அளித்தனர். கற்கும் வேட்கை முன்னே வந்தது. கட்டடம் பின்னே வந்தது.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, நமது புத்தளக் கரையோரத்திலுள்ள கற்பிட்டியை நோக்குவோம். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த அவ்வூருக்குச் செல்வோர், ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய கோட்டையைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அங்கே பல்கலைக்கழகம் எதுவும் எழவில்லை. எனினும், 1807ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, ஒரு கழகம் செய்யத்தக்க பணியைத் தனியொருவராக நின்று செய்தார்.

புத்தளத்தில் மணியகாரராக உத்தியோகம் பார்த்த காலத்தில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குடிகளையும் அகரவரிசையிலே தொகுத்து, 1834ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு பெருநூலை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. பின்னர் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாகவும், சிலாபத்தில் நீதிபதியாகவும் விளங்கினார்.

அவருடைய தலையாய பணி 1859ஆம் ஆண்டில் வெளிவந்த 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலாகும். பண்டைக் கிரேக்க அறிஞரான புளூராக் பெரியோர் பலரின் வாழ்க்கையை எழுதியதுபோல, இவரும் ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்தார். அக்காலத்திலே சங்க நூல்கள் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தன. உ. வே. சாமிநாதையர் அப்பொழுது நான்கு வயதுக் குழந்தை. புலவர்களைப் பற்றிய செய்திகளோ ஏடுகளிலும் செவிவழிக் கதைகளிலும் சிதறிக் கிடந்தன. ஏட்டைச் செல் அரித்தால் நூல் அழியும். கதை சொல்லும் முதியவர் மறைந்தால் புலவரின் பெயரும் மறையும். இவ்விழப்பு நேருமுன்னே அவர் எழுதுகோலை எடுத்தார்.

அந்நூலிற் குறைகளே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. கட்டுக்கதைகளும் வரலாறும் அதில் விரவியுள்ளன. காலக் கணிப்புகள் பல இன்று ஏற்கத்தக்கன அல்ல. ஆயினும், திருத்துவதற்கேனும் ஒரு நூல் இருந்தது. ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886ஆம் ஆண்டில் 'பாவலர் சரித்திர தீபகம்' இயற்றியபோது, அந்நூல் அவருக்கு முன்னோடியாய் அமைந்தது. 1946ஆம் ஆண்டில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் அது மறுபதிப்புப் பெற்றது.

காசிச்செட்டி 1860ஆம் ஆண்டில் மறைந்தார். கற்பிட்டிக்குச் செல்லும் அன்பர்கள் கோட்டையைக் காண்பது நன்றே. அத்துடன், இருநூறு புலவர்களை மறதியினின்றும் காத்த ஒருவர் பிறந்த மண் அது என்பதைத் தம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்பார்களாக.