மெய்நிகர் வீட்டு உலா

விற்பனைக்கு வந்திருக்கும் வீட்டை நேரில் போகாமல் கைப்பேசியிலோ கணினியிலோ அறை அறையாகச் சுற்றிப் பார்க்க வழிசெய்யும் படத்தொகுப்பே மெய்நிகர் வீட்டு உலா. வீடு, மனை வணிகத்தில் இதை விர்ச்சுவல் டூர், 360 டூர் என்கிறார்கள். சாதாரண வீடியோவில் படம் எடுத்தவர் காட்டுவதை மட்டுமே பார்க்க முடியும். உலாவில் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த அறைக்குள் போவது, எங்கே நின்று அண்ணாந்து பார்ப்பது என்பதெல்லாம் பார்ப்பவர் கையில் இருக்கிறது.

கோவை மாவட்டத்தின் மேட்டுப்பாளையம் போல, சொந்த ஊரில் வீடு தேடுவோர் பலர் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் ஊர்களுக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. ஆனால் மலையடிவாரமும் ஆற்றங்கரையும் சேர்ந்த இவ்வட்டாரத்தில் வீட்டின் மதிப்பில் பெரும்பங்கு தண்ணீர், நிலச்சரிவு, பத்திரம் என்று நான்கு சுவருக்கு வெளியே இருப்பவற்றைச் சார்ந்தது. அதனால் உலாவை முதல் பார்வைக்கு நம்பலாம். முடிவெடுக்க அது மட்டும் போதாது.

தோற்றம்

1994-இல் இங்கிலாந்தின் டட்லி கோட்டையில், 1550-ஆம் ஆண்டளவில் அக்கோட்டை இருந்த நிலையைக் கணினியில் மீட்டெழுப்பிப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். மெய்நிகர் உலாவின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது இதுதான். அடுத்த ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் குயிக்டைம் வி.ஆர். வந்தது. சுற்றிலும் எடுத்த ஒளிப்படங்களை ஒட்டி, சுழற்றிப் பார்க்கும் காட்சியாக மாற்றுவது அதன்பின் எளிதானது.

2011-இல் அமெரிக்காவில் தொடங்கிய மேட்டர்போர்ட் நிறுவனம் அறையின் ஆழத்தையும் அளக்கும் கேமராவைக் கொண்டுவந்தது. வீடு முழுவதையும் கூரை நீக்கிய பொம்மை வீடு போல மேலிருந்து பார்க்கும் காட்சியை வீட்டுச் சந்தையில் பரப்பியது அதுவே. 2013-இல் வந்த ரிக்கோ தீட்டா, ஒரே சொடுக்கில் நாலாபக்கமும் பதியும் சிறு கேமராவைச் சாதாரணப் பயனர்களிடம் சேர்த்தது. 2020 முதல் சில ஐபேட், ஐபோன் மாதிரிகளில் லைடார் உணரி இடம்பெற்றதால், அறையை அளக்கும் வேலையைக் கையிலிருக்கும் கருவியே செய்யத் தொடங்கியது.

இந்தியாவில்

பெங்களூருவைச் சேர்ந்த காமன்ஃப்ளோர் இணையதளம் 2015-இல் ரெட்டினா என்ற பெயரில், அட்டைக் கண்ணாடியில் கைப்பேசியைச் செருகி வீடு பார்க்கும் வசதியை அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டே அந்நிறுவனம் குவிக்கர் வசமானது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து நேரில் வீடு பார்ப்பது நின்றபோது, கட்டுமான நிறுவனங்களும் மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களும் காணொளி வழிக்குத் திரும்பின. ஊரடங்கு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. 2022 ஜூலையில் கூகுள் தெருக்காட்சி சென்னை உள்ளிட்ட 10 நகரங்களோடு இந்தியாவில் மறுபடி தொடங்கியது. வீட்டோடு அது இருக்கும் தெருவையும் திரையில் பார்க்கும் வழக்கத்துக்கு இது துணையானது.

செய்முறை

முதுகோடு முதுகாக அமைந்த இரண்டு மீன்கண் வில்லைகள் ஆளுக்கு அரைக்கோளமாகப் பதிவு செய்ய, மென்பொருள் இரண்டையும் தைத்து, உயரத்தைப் போல் இருமடங்கு அகலமுள்ள ஒரே படமாக விரிக்கிறது. அறைக்கு ஒன்றிரண்டு இடங்களில் முக்காலியைக் கண் உயரத்தில் நிறுத்தி எடுத்து, ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் அம்புக்குறிகளைப் பொருத்தினால் உலா தயார். வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பாக அதை அனுப்பிவிடலாம்.

படம் எடுப்பவர் கதவுகளை எல்லாம் திறந்து வைத்து, விசிறிகளை நிறுத்தி, விளக்குகளைப் போட்டுவிட்டு, கேமராவின் கண்ணில் படாமல் அடுத்த அறைக்குப் போய்க் கைப்பேசியிலிருந்து சொடுக்குவார். பீரோக் கண்ணாடி அவருக்குப் பெரும் தொல்லை. முக்காலி அதில் அப்படியே தெரியும். சன்னல் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் அறை இருண்டுவிடும். அறைக்கு வைத்தால் சன்னலுக்கு வெளியே வெறும் வெண்மைதான் மிஞ்சும். அதனால் ஒரே இடத்தில் வெவ்வேறு ஒளியளவில் பல படங்கள் எடுத்து இணைக்கிறார்கள். சன்னல் வழியே நீலகிரி மலை தெரிவதையே சிறப்பாகச் சொல்லி விற்கும் வீட்டுக்கு இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. மழைக்காலக் காலைகளில் மேகம் மலையை மூடிவிடும் என்பதால் நேரமும் பார்க்க வேண்டும்.

உலா இருவகைப்படும். கட்டி முடித்த வீட்டைப் படம் எடுத்துச் செய்வது ஒன்று. வரைபடத்திலிருந்து கணினியே உருவாக்கும் கட்டப்படாத வீடு இன்னொன்று. இரண்டாவது வகையில் சுவரின் நிறம், தளத்தின் பளபளப்பு, சன்னலுக்கு வெளியே மரம் எல்லாம் கற்பனை. வெறும் அறைக்குள் கணினியால் கட்டிலும் சோபாவும் போட்டுக் காட்டும்போது, அவற்றை உண்மை அளவைவிடச் சிறிதாக வரைந்தால் அறை பெரிதாகத் தோன்றும். அகலவில்லைக் கேமராவும் அறையை விரித்தே காட்டும். இதைச் சரிபார்க்கத் தரை ஓடுகளை எண்ணுவது நல்ல வழி. 2-க்கு 2 டைல்ஸ் ஒரு பக்கம் ஐந்தும் மறுபக்கம் ஆறும் இருந்தால், அது 10-க்கு 12 அறை.

மேட்டுப்பாளையம் வட்டாரம்

கோவைக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், பவானிக் கரையில், நீலகிரி மலையின் அடியில் உள்ளது மேட்டுப்பாளையம். இங்கிருந்து குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய மலை ரயிலை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உருளைக்கிழங்கு மண்டிகள், பாக்கு, வாழைத் தோப்புகள், காரமடைக் கறிவேப்பிலை என்று விவசாயமும் வியாபாரமும் கலந்த ஊர் இது.

சந்தைக்கு வரும் வீடுகளும் பல வகை. நகருக்குள் சில சென்டில் கட்டிய தனி வீடுகள், கோவைச் சாலையோர மனைப்பிரிவுகளில் எழும் புது வீடுகள், தோப்புக்கு நடுவே உள்ள பண்ணை வீடுகள், திண்ணையும் ஆசாரமும் கொண்ட பழைய தொட்டிக்கட்டு வீடுகள் ஆகியவை முக்கியமானவை. தொட்டிக்கட்டு வீட்டின் அழகை ஒற்றைப் படத்தில் பிடிக்க முடியாது. திறந்த முற்றத்தில் நின்று நாலு பக்கத் தாழ்வாரத்தையும் ஓட்டுக் கூரையின் சரிவையும் சுற்றிப் பார்த்தால்தான் அதன் கட்டு புரியும். இத்தகைய வீடுகளுக்கு உலா உண்மையாகவே கைகொடுக்கிறது.

இங்கு வீடு தேடுவோர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்பது. உலாவில் திசைகாட்டி இருந்தால் வாசலும், அக்னி மூலையில் அடுப்படி இருக்கிறதா என்பதும் உடனே தெரிந்துவிடும். ஒத்துவராத வீடுகளை வாங்குபவர் அங்கேயே கழித்துவிடுவதால் இரு தரப்புக்கும் அலைச்சல் மிச்சம்.

திரையில் தெரியாதவை

குழாயில் வருவது பவானித் தண்ணீரா, போர் தண்ணீரா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கோடையில் போர் எப்படி இருக்கும் என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது. பில்லூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது மேட்டுப்பாளையத்தின் கரையோரப் பகுதிகளுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படும். கோடை வெயிலில் எடுத்த உலாவில் ஆற்றங்கரை வீடு அழகாகவே இருக்கும். கல்லாறு பகுதி யானைகளின் வழித்தடம். அடிவாரத் தோட்ட வீடுகளில் இரவில் யானை வருமா என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லைக்கு அப்பால் இருப்பதையும் பார்த்தாக வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்துக் குடியிருப்பின் மேல் இடிந்து விழுந்து 17 பேர் இறந்தார்கள். சுவரின் உறுதியும் அதன் பின்னால் மண்ணும் நீரும் தரும் அழுத்தமும் அந்த வீட்டாருக்கு மட்டுமன்றி அடுத்த வீட்டாருக்கும் உயிர்ப் பிரச்சினை. பின்புறச் சுவர், மழைநீர் வடியும் பாதை, அடுத்த நிலத்தின் மட்டம் ஆகியவற்றையும் உலாவில் சேர்ப்பது விற்பவரின் கடமையாகவே கருதப்பட வேண்டும்.

சட்டம்

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் எந்த ஊடகத்தின் வழியாக எந்த வடிவில் வரும் விளம்பரத்தையும் விளம்பரம் என்றே கொள்கிறது. அந்தப் பரந்த வரையறைக்குள் மெய்நிகர் உலாவும் வருகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடனோ அமையும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. வாங்குபவர் விலக விரும்பினால் பணத்தை வட்டியோடு திருப்பித் தரவும் வேண்டும். அதனால் உலாவைப் பதிவிறக்கியோ திரைப்பதிவு செய்தோ தேதியுடன் வைத்துக்கொள்வது வாங்குபவருக்குச் சாட்சியாகும்.

தனி உரிமையாளர் தம் பழைய வீட்டை விற்கும்போது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பொருந்தும். வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகள் தமக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் அவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அதன் 55-ஆம் பிரிவு. தோப்பையும் வீட்டையும் மேலிருந்து காட்ட ட்ரோன் பயன்படுத்துவோரை 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் கட்டுப்படுத்தும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிகத்துக்காக இயக்குபவர் அதற்கான விமானிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் இந்தியர் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அவருக்கு இடம் தருவதில்லை. பாக்குத் தோப்பு நடுவே உள்ள வீட்டின் உலாவை அவருக்கு அனுப்பும் முன், நிலம் எந்த வகைப்பாட்டில் உள்ளது என்பதைத் தரகர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல நடைமுறை

நல்ல உலாவில் படம் எடுத்த மாதமும் ஆண்டும், அளவு குறித்த தளவரைபடமும், திசையும் இருக்கும். கணினியால் சேர்த்த பொருள் எது என்பதும் எழுதப்பட்டிருக்கும். மொட்டை மாடி, மின் பெட்டி, போர் குழாய், கழிவுநீர்த் தொட்டி இருக்கும் இடம், தெருவின் அகலம் ஆகியவை விடுபட்டிருக்காது. குடியிருப்போரின் குடும்பப் படங்கள், குழந்தைகளின் பள்ளி அடையாளங்கள், பீரோ, பூஜை அறை வெள்ளிப் பொருள்கள், கதவுப் பூட்டு ஆகியவற்றை அகற்றியோ மறைத்தோ எடுப்பது பாதுகாப்பு.

உலா பிடித்துப்போன பிறகே வாங்குபவரின் முக்கிய வேலை தொடங்குகிறது. வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, அடிவாரக் கிராமமானால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பது, அடுக்குமாடியானால் பிரிக்கப்படாத நிலப்பங்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் உள்ள நம்பகமான உறவினரை மழைநாளில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் அந்த வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வது நல்லது. பத்து வீடுகளை இரண்டாகக் குறைத்துத் தருவதே உலாவால் கிடைக்கும் பெரிய நன்மை. மீதமுள்ள இரண்டில் எது என்பதைப் பத்திரமும் தண்ணீரும் அக்கம்பக்கமும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.