71,594 நாற்காலிகள்

2014, டிசம்பர் 2. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாம் நகரம். ஓர் அறை நிறைய ஆட்டக்காரர்கள். எல்லோருக்கும் இருபது வயது சொச்சம். மலை மாதிரி உடம்பு. அத்தனை பேரும் குழந்தைகளைப் போல அழுதுகொண்டிருந்தார்கள்.

எதிரே நின்றவர் ரே வாட்ஸ், பல்கலைக்கழகத்தின் தலைவர். அவர் சொல்ல வந்த செய்தி ஒரே வரிதான். 'நம் கல்லூரியில் இனி ஃபுட்பால் கிடையாது.'

ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்த ஒரு வீரர் எழுந்து, தலைவரின் முகத்துக்கு நேராகவே கேட்டார். எங்கிருந்தெல்லாமோ உங்களை நம்பி வந்த பையன்களை நடுத்தெருவில் விடுகிறீர்களே, வெறும் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கலாமா என்று. யாரோ அதைப் படம் பிடித்துவிட, சில மணி நேரத்தில் அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. வெளியே மாணவர்கள் திரண்டு கோஷம் போட்டார்கள். வாட்ஸ் போலீஸ் பாதுகாப்போடுதான் கிளம்ப வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்த அணி மூன்று நாள் முன்புதான் ஒரு மேட்சில் ஜெயித்திருந்தது!

கதைக்குள் போவதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். இங்கே ஃபுட்பால் என்றால் நம்மூர் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூராக இருக்கும் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, குறுக்கே வருபவனை மோதித் தள்ளிவிட்டு ஓடுகிற முரட்டு ஆட்டம். (காலுக்கு வேலை ரொம்பக் குறைவு. அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்று அமெரிக்கர்களைத்தான் கேட்க வேண்டும்!) அந்த ஊரில் கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கே லட்சம் பேர் கூடுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். நம் ஈடன் கார்டனெல்லாம் அதன் முன்னால் சின்னத் தம்பிதான்.

ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் அந்த யோகம் இல்லை. அணிகள் 'கான்ஃபரன்ஸ்' என்று கூட்டணிகளாகப் பிரிந்து ஆடுகின்றன. பெரிய கான்ஃபரன்ஸ் என்றால் டி.வி.க்காரர்கள் கோடிகளைக் கொட்டுவார்கள். சின்ன கான்ஃபரன்ஸ்களுக்குச் சிதறுகிற சில்லறைதான். அதனால் சின்ன அணிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. பெரிய அணியின் ஊருக்குப் போவது, லட்சம் பேர் முன்னால் உதை வாங்குவது, காசை வாங்கிக்கொண்டு திரும்புவது! எப்போதாவது இந்தக் கணக்கு தப்பும். 2007-ல் அப்பலாச்சியன் ஸ்டேட் என்கிற மலையூர்க் கல்லூரி இப்படித்தான் 4 லட்சம் டாலருக்கு மிச்சிகனுக்குப் போனது. அது ஒரு படி கீழ்ப்பிரிவில் ஆடுகிற அணி. யாரும் பொருட்படுத்தவே இல்லை. 34-32 என்று ஜெயித்துவிட்டது! ஊரில் இருந்த ரசிகர்கள் தங்கள் மைதானத்துக்குள் புகுந்து, கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாகத் தூக்கிப்போய் கல்லூரித் தலைவர் வீட்டு வாசலில் போட்டார்கள். ஆடியதோ வேறு மாநிலத்தில். கம்பம் என்ன பாவம் செய்தது?

இப்போது பர்மிங்ஹாம். இரும்பாலும் உருக்காலும் வளர்ந்த நகரம். 1963-ல் சர்ச்சில் வெடித்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகளைப் பலி கொடுத்த நகரம். அங்கே 1927-ல் திறக்கப்பட்ட ஸ்டேடியம், லீஜியன் ஃபீல்ட். பர்மிங்ஹாமிலிருந்து சுமார் 90 கிலோ மீட்டரில் டஸ்கலூசா. மாநிலத்தின் செல்லப்பிள்ளையான அலபாமா பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். ஆனால் அதன் பெரிய மேட்சுகள் பல ஆண்டுகள் பர்மிங்ஹாமில், லீஜியன் ஃபீல்டில்தான் நடந்தன. அதன் கோச் 'பியர்' பிரையன்ட் அந்த மாநிலத்தில் கிட்டத்தட்ட கடவுள். 1981-ல் அவர் 315-வது வெற்றியைப் பெற்று சாதனை படைத்தது இந்த மைதானத்தில்தான்.

1970-ல் நடந்தது இன்னும் முக்கியம். கலிபோர்னியாவிலிருந்து யு.எஸ்.சி. அணி வந்தது. எதிரே ஆடிய அலபாமா அணியில் எல்லோரும் வெள்ளையர்கள். யு.எஸ்.சி.யின் சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின இளைஞர் 135 கஜம் ஓடி, மைதானத்தையே கலக்கிவிட்டார். 42-21. அலபாமா காலி! தெற்கு மாநிலங்களின் ஃபுட்பாலில் நிறச்சுவர் சரிந்ததைப் பற்றி யார் எழுதினாலும் அந்த இரவைச் சொல்லாமல் இருப்பதில்லை. (ஒரே இரவில் எல்லாம் மாறிவிடவில்லை. ஒரு கறுப்பின மாணவரை அலபாமா ஏற்கெனவே சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர் என்பதால் அவர் அன்று ஆட முடியவில்லை.)

அப்புறம் அலபாமா தன் சொந்த ஊர் ஸ்டேடியத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டது. பரம எதிரி ஆபர்னுடன் அது மோதும் பிரசித்தி பெற்ற மேட்ச் லீஜியன் ஃபீல்டில் கடைசியாக நடந்தது 1998-ல். சம்பந்தி வீட்டார் கிளம்பிப்போன கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது லீஜியன் ஃபீல்ட். 2004-க்குப் பிறகு, பலவீனமாகிவிட்டது என்று மேல்தளத்தையும் இடித்தார்கள். அப்படியும் 71,594 இருக்கைகள் மிச்சம்.

அந்த மண்டபத்தில் ஆடியதுதான் நம் கதாநாயக அணி. யு.ஏ.பி. விரித்துச் சொன்னால் யுனிவர்சிட்டி ஆஃப் அலபாமா அட் பர்மிங்ஹாம். மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பேர் போன இடம். ஃபுட்பால் அங்கே தாமதமாகத்தான் வந்தது. 1991-ல் கடைசிப் பிரிவில் ஆரம்பித்து ஐந்தே வருஷத்தில், 1996-ல், மேல் பிரிவுக்கு ஏறியது. 2000-ல் எல்.எஸ்.யு. என்ற ஜாம்பவானை அதன் ஊருக்கே போய் 13-10 என்று சாய்த்தது. அன்றைக்குத் தோற்ற கோச் யார் தெரியுமா? பிற்பாடு அலபாமாவுக்கு வந்து கோப்பைகளாக அள்ளிக் குவித்த நிக் சேபன்!

ஆனாலும் கூட்டம் வரவில்லை. வருவதற்கு என்ன இருந்தது? பர்மிங்ஹாம்காரன் பிறக்கும்போதே ஒன்று அலபாமா கட்சி, இல்லாவிட்டால் ஆபர்ன் கட்சி. சனிக்கிழமை மேட்ச் டி.வி.யில் ஓடும்போது அவன் எதற்கு சோபாவை விட்டு எழுந்து யு.ஏ.பி.யைப் பார்க்கப் போகிறான்? 2013-ல் அணி ஆடியது 12 மேட்ச், ஜெயித்தது இரண்டு. சொந்த ஊர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் சராசரியாகப் பத்தரை ஆயிரம் பேர். பத்தாயிரம் பேர் சின்னக் கூட்டமா என்ன? நம்மூரில் அதற்கு மாநாடு என்றே பெயர் வைத்துவிடுவார்கள். ஆனால் 71,594 நாற்காலிகளுக்கு நடுவே அந்தப் பத்தாயிரம் பேர், பெரிய அண்டாவின் அடியில் ஒட்டிய பருக்கைகள்போலத் தெரிந்தார்கள்.

இங்கே ஒரு விதி குறுக்கிட்டது. மேல் பிரிவில் நீடிக்க வேண்டுமானால் இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது சராசரிக் கூட்டம் 15 ஆயிரம் காட்ட வேண்டும். 'காட்ட' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நேரில் வந்த தலைகளை எண்ணலாம், அல்லது விற்ற டிக்கெட்டை எண்ணலாம். போதாதா? ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற கல்லூரி, பெப்ஸி ஒப்பந்தத்தில் வந்த பணத்தை எடுத்துத் தன் டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொண்டது! நம்ம ஊரில் படம் ஹவுஸ்ஃபுல் என்று காட்ட ரசிகர் மன்றத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொடுக்கிற டெக்னிக்கேதான். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 2018-ல் கணக்கெடுத்துப் பார்த்தது. கல்லூரிகள் அறிவித்த கூட்டத்தில் உண்மையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் நூற்றுக்கு 71 பேர்தான்.

யு.ஏ.பி. இந்தச் சிக்கலை நேர்வழியில் தீர்க்கப் பார்த்தது. 30 ஆயிரம் பேர் உட்காரும் அளவில், கல்லூரி வளாகத்துக்குள்ளேயே அளவான ஒரு ஸ்டேடியம் கட்ட 2011-ல் திட்டம் போட்டது. முடியாது என்றது மேலிடம். மேலிடம் என்றால் டிரஸ்டி போர்டு. டஸ்கலூசாவையும் பர்மிங்ஹாமையும் ஆள்வது ஒரே போர்டு. அதில் 'பியர்' பிரையன்ட்டின் மகனும் ஓர் உறுப்பினர். போதாதா பேசுவதற்கு? மூத்த தாரத்துப் பிள்ளைக்குப் பால்சோறு, நமக்குப் பழைய சோறா என்று யு.ஏ.பி. ரசிகர்கள் குமுறினார்கள். தலைவரும் போர்டும் இதை மறுத்தார்கள். பாரபட்சம் ஒன்றுமில்லை, பணம்தான் பிரச்னை என்றார்கள். உள்நோக்கம் இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லைதான். ஆனால் ஸ்டேடியம் கூடாது என்று தடுத்துவிட்டு, கூட்டம் வரவில்லையே என்று குறை சொன்னால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

2014 ஜனவரியில் பில் கிளார்க் என்ற புது கோச் வந்தார். அதே மாநிலத்துக்காரர். வந்த வருஷமே 12-ல் 6 வெற்றி. கூட்டமும் வர ஆரம்பித்தது. சராசரி 21,841. முந்தைய வருஷத்தைப்போல இரண்டு மடங்கு!

அந்த நேரம் பார்த்துத்தான் வாட்ஸ் கடையை மூடினார். ஐந்து வருஷத்துக்கு இன்னும் 4 கோடியே 90 லட்சம் டாலர் தேவைப்படும், தாங்காது என்று ஓர் ஆலோசனை நிறுவனம் அறிக்கை கொடுத்திருந்தது. ஃபுட்பாலோடு பௌலிங், துப்பாக்கி சுடுதல் அணிகளுக்கும் சேர்த்தே திவசம். மேல் பிரிவுக் கல்லூரி ஒன்று ஃபுட்பாலைக் கைவிட்டது 1995-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அப்புறம் நடந்ததை வாட்ஸ் கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டார். மேட்ச் பார்க்க வராத ஊர், மேட்ச் இல்லை என்றதும் தெருவுக்கு வந்துவிட்டது! மாணவர்கள், பழைய ஆட்டக்காரர்கள், பாண்டு வாத்தியக் குழுவினர், கடைக்காரர்கள் என்று எல்லோரும் பச்சைச் சட்டையோடு நின்றார்கள். (பச்சையும் தங்க நிறமும் யு.ஏ.பி.யின் வண்ணங்கள்.) 2015 ஜனவரியில் பேராசிரியர்களின் செனட், தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டது. பொருளாதார நிபுணர்கள் வேறு கணக்கைத் திருப்பிப் போட்டு, அந்த அறிக்கை சொல்வது தப்பு, ஃபுட்பாலால் நஷ்டமே கிடையாது என்றார்கள். தலைவர் பாணியிலேயே பதில் சொல்ல ஊர் முடிவு செய்தது. பணம்தானே வேணும்? இந்தா!

வசூல் ஆரம்பமானது. பெரிய முதலாளிகள் செக் எழுதினார்கள். நகர மன்றம் கை கொடுத்தது. மாணவர்களும் பங்கு போட்டார்கள். பற்றாக்குறை 1 கோடியே 72 லட்சம் டாலர் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதை நிரப்ப வாக்குறுதிகள் குவிந்தன. 2015, ஜூன் 1. மூடிய அதே வாட்ஸ், அதே வாயால், 'ஃபுட்பால் திரும்ப வருகிறது' என்று அறிவித்தார். மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவே சரியாக ஆறு மாதம்.

அதற்குள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆட வேண்டிய வயது காத்திருக்காதே. பில் கிளார்க் மட்டும் போகவில்லை. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் இவர்தான். ஓர் அணி, ஒரு மைதானம், ஆனால் எதிராளி கிடையாது. 2015, 2016 இரண்டு சீசனும் ஒரு மேட்ச்கூட இல்லை. புதுப் பையன்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, ஒருவரோடு ஒருவர் மோதவிட்டுப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தார். முகூர்த்தம் குறிக்காத கல்யாணத்துக்குத் தினமும் சமையல் செய்கிற மாதிரி!

2017, செப்டம்பர் 2. லீஜியன் ஃபீல்ட். எதிரணி அலபாமா ஏ அண்ட் எம். அன்றைக்கு வந்த கூட்டம் 45,212. அந்த அணியின் சரித்திரத்திலேயே இவ்வளவு பேர் வந்ததில்லை. 38-7 என்று ஜெயித்தார்கள். அந்த வருஷம் சொந்த ஊரில் ஆடிய ஆறு மேட்சிலும் வெற்றி. அடுத்த வருஷம் அவர்கள் கான்ஃபரன்ஸ் கோப்பையே கைக்கு வந்தது. 2020-ல் மறுபடியும்.

அப்புறம் புது ஸ்டேடியம்? அதுவும் வந்தது. கல்லூரிக்குள் இல்லை, நகரின் மையத்தில். 2021, அக்டோபர் 2 அன்று திறந்தபோது 37,167 பேர் வந்தார்கள். அந்த மேட்சில் யு.ஏ.பி. 36-12 என்று செமத்தியாகத் தோற்றது என்பது வேறு விஷயம். யாரும் அதற்காக மூட வேண்டும் என்று சொல்லவில்லை. 2022-ல் முதுகுவலி தாங்காமல் கிளார்க் ஓய்வு பெற்றார். 2023-ல் அணி கொஞ்சம் பெரிய கான்ஃபரன்ஸுக்கு மாறியது. கோச்சாக வந்த டிரென்ட் டில்ஃபர், ஆட்டக்காரராக சூப்பர் பௌல் ஜெயித்தவர். ஆனால் கோச்சாகத் தோல்விமேல் தோல்வி. 2025 அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த 15 ஆயிரம் தலைக்கணக்கு விதியை 2023-லேயே தூக்கிவிட்டார்கள்.

லீஜியன் ஃபீல்ட்? ஊர்க்காரர்கள் அதை 'நரைத்த கிழவி' என்று செல்லமாக அழைப்பார்கள். யு.ஏ.பி.யும் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இரண்டு கல்லூரிகள், அலபாமா ஏ அண்ட் எம்மும் அலபாமா ஸ்டேட்டும், வருஷாவருஷம் அங்கே மோதுகின்றன. இரண்டுமே சின்ன கான்ஃபரன்ஸ் அணிகள்தான். ஆட்டத்தைவிட பாண்டு வாத்தியப் போட்டிக்குத்தான் கூட்டம் என்று கேலி செய்பவர்களும் உண்டு. காலையிலேயே மைதானத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட ஆரம்பித்துவிடுவார்கள். டிக்கெட் வாங்காதவர்களும் வருவார்கள். அன்றைக்குக் கிழவி கொள்ளாத கூட்டம்!