கடோத்கஜனுக்கு எந்தப் பந்தி?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘மாயா பஜார்’ போட்டுக் காட்டினோம். கறுப்பு வெள்ளைப் படம், பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். கடோத்கஜன் வந்த பிறகு ஒருவரும் நகரவில்லை. லட்டு தானாகப் பறந்து எஸ்.வி.ரங்காராவின் வாய்க்குள் போகும் இடத்தை மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார்கள். மறுநாள் ஞாயிறு. அதே பிள்ளைகளை ஐந்து ரதம் பார்க்க அழைத்துப் போனபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இதுல கடோத்கஜன் ரதம் எது?”

அப்படி ஒன்று இல்லை. தருமராஜனுக்கு ஒன்று, பீமனுக்கு ஒன்று, அர்ஜுனனுக்கு ஒன்று, நகுல சகாதேவனுக்குச் சேர்த்து ஒன்று, திரௌபதிக்கு ஒன்று. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் செதுக்கியபோது இந்தப் பெயர்கள் கிடையாது. பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. திரௌபதி ரதம் என்பது குடிசைக் கூரை போலச் செதுக்கிய துர்க்கை கோயில். எப்படியும் பெயர் வைத்தவர்களுக்கு இடும்பியின் நினைவு வரவில்லை. திரௌபதிக்கு முன்பே பீமனை மணந்தவள் அவள். பாண்டவர்களின் அடுத்த தலைமுறையில் மூத்த பிள்ளை கடோத்கஜன். ஆனாலும் அரியணைப் பேச்சில் அவன் பெயரே அடிபடுவதில்லை.

விஜயா நிறுவனத்துக்காக கே.வி.ரெட்டி இயக்கிய இந்தப் படம் தெலுங்கில் 1957 மார்ச் 27இலும் தமிழில் ஏப்ரல் 12இலும் வெளிவந்தது. தெலுங்கில் நாகேஸ்வரராவ் அபிமன்யு, தமிழில் ஜெமினி கணேசன். மார்கஸ் பார்ட்லியின் கேமரா. கதை வியாசரிடம் இல்லை, நாட்டுப்புறக் கதையும் நாடக மேடையும் வளர்த்தது. பாண்டவர்கள் நாட்டை இழந்ததும், அபிமன்யுவுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை பலராமன் வீட்டார் துரியோதனன் மகனுக்கு மாற்றிப் பேசுகிறார்கள். சொத்து போனால் சம்பந்தம் போச்சு. காப்பாற்றுவது யார்? ஊரில் இருக்கும் உறவுகள் இல்லை, காட்டில் இருக்கும் உறவு. கல்யாணமும் அவன் இடத்தில்தான் நடக்கிறது. பாண்டவர் ஐவரும் படத்தில் தலைகாட்டுவதே இல்லை!

இதைப் புரட்சிப் படம் என்று சொல்ல வரவில்லை. வெற்றியின் பெருமையெல்லாம் கடைசியில் கிருஷ்ணனுக்கே போகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த விருந்தில் துண்டு மாமிசம் கிடையாது. அரக்கனே ஆனாலும் லட்டும் வடையும் அப்பளமும் சித்திரான்னமும்தான். அரக்கன் என்று சொல்லிவிட்டு அரக்கனின் சோற்றைத் திரையில் வைக்கக் கூச்சப்பட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் என் ஆயாவுக்கு இந்தப் படம் உயிர். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் எத்தனை முறை பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று கா.சிவத்தம்பி எழுதியிருக்கிறார். முன்னே பின்னே உட்கார வைத்தது காசு, பிறப்பு இல்லை. கொட்டகைக்கு வெளியே ஆயாவுக்குக் கிடைத்தது வேறு. பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் விறகு பிளப்பார்கள், தண்ணீர் சுமப்பார்கள். எல்லாப் பந்தியும் எழுந்த பிறகு கொல்லைப்புறம் பாத்திரத்தோடு போய் நிற்பார்கள். மிச்சம் வரும், சில நேரம் வராது. மாப்பிள்ளை வீட்டார் இலைக்கு வருமுன்பே ஒருவன் அண்டா அண்டாவாகக் காலி செய்வதைப் பார்க்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? “அவன் யாரையும் கேக்கல பாரு” என்பாள். அதைத் தாண்டி விளக்கம் சொன்னதில்லை.

இத்தனைக்கும் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில்தான் நடந்தது. சாதிப் பட்டத்தை விடவும் பெண்ணுக்குச் சொத்துரிமை தரவும் அங்கே தீர்மானம் போட்டார்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூனில் நடைமுறைக்கு வந்துவிட்டது. படம் வந்த ஐந்தாவது மாதம், முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் தேவேந்திரர்களின் பிரதிநிதியாகச் சரிசமமாக உட்கார்ந்த இம்மானுவேல் சேகரன், மறுநாள் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். திரையில் அண்டாவைக் கவிழ்த்தவனுக்குக் கைதட்டிய அதே ஆண்டு.

கடோத்கஜன் கதை எப்படி முடிகிறது என்று படம் சொல்லாது. துரோண பருவம் சொல்கிறது. அர்ஜுனனுக்காகக் கர்ணன் பத்திரமாக வைத்திருந்தது இந்திரன் தந்த சக்தி ஆயுதம். ஒரு முறைதான் ஏவ முடியும். 14ஆம் நாள் இரவுப் போரில் கிருஷ்ணன் கடோத்கஜனை அனுப்புகிறான். ஆயுதம் அவன் மேல் செலவாகிறது. சாகும்போதும் உடலைப் பெருக்கிக்கொண்டு கௌரவர் படை மேல் விழுந்து நசுக்கிவிட்டுத்தான் சாகிறான். பாண்டவர்கள் அழுகிறார்கள், கிருஷ்ணன் ஆடுகிறான். அர்ஜுனன் பிழைத்தான் என்பது ஒரு காரணம். அவன் சொல்லும் இன்னொரு காரணத்தை நம் மேடைகளில் அதிகம் கேட்க முடியாது: கடோத்கஜன் பிராமணர்களையும் வேள்வியையும் வெறுத்தவன், கர்ணன் கொல்லாவிட்டால் நானே கொல்ல வேண்டியிருந்திருக்கும்.

படத்தில் அந்தக் கிருஷ்ணன் என்.டி.ராமாராவ். புன்னகை மாறாத முகம். துரோண பருவத்தைப் படித்த பிறகு அந்தப் புன்னகையை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் பாரதம் படிக்கிறார்கள், கூத்து கட்டுகிறார்கள், தீ மிதிக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் அதே திரௌபதி அம்மனைக் கும்பிடப் போன நம்மவர்களைத் தடுத்தார்கள். 2023 ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். திரௌபதி அடைபட்டாலும் பரவாயில்லை, இடும்பியின் பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்று நின்றவர்களை நாம் பார்த்தோம். இமாசலத்தின் மணாலியில் 1553இல் கட்டிய கோயிலில் இடும்பியே தெய்வமாக இருக்கிறாள். இங்கே அவளுக்கு ஒரு கல்லும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு அன்று நான் சொன்னது, “அவனுக்கு ரதம் செய்யலம்மா” என்பது மட்டும். “ஏன்?” என்றாள். பஸ் வந்துவிட்டது. வரும் ஞாயிறு துரோண பருவத்தைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் சாப்பாட்டுக் காட்சியை இன்னொரு முறை போட வேண்டுமாம்.