துண்டும் செக்ரோலும்

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களுக்குக் கணினி வந்தது அண்மைக் காலத்திலேயாகும். ஆயின் ஆளைக் கணக்கில் ஏற்றும் முறை அங்கு நூறாண்டுக்கும் மேற்பட்டது. பிரட்டுக்களத்தில் செக்ரோலில் பதியப்பெறும் 'பேர்' என்பது ஒருநாட் சம்பளத்தையே குறிக்கும். கொழுந்து குறையின் அரைப்பேர். மனிதனின் பெயரே கூலியின் அலகாயிற்று.

அதனினும் கொடியது துண்டு. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. பெரியகங்காணி அதனைக் காட்டி வேறொரு தோட்டத்தில் முற்பணம் பெறுவார். பழைய கடன் அடைபடும். அதனினும் பெரிய புதுக்கடன் தொழிலாளர் தலையில் ஏறும். எழுத்தறியாத அவர்கள் தம் கடன் எவ்வளவென்பதைக் கங்காணியின் வாய்மொழியாலன்றி அறியார். துண்டு தொலைந்தால் கடனும் தொலையுமோ எனில், இல்லை. கங்காணியின் ஏடு இருந்ததே! 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கணக்குப் புத்தகம் நின்றது.

1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. இன்று சில தோட்டங்களில் மின்னணுத் தராசே கொழுந்தை நிறுக்கின்றது. அதன் முகப்பில் தோன்றும் எண்ணைக் கொழுந்தெடுக்கும் பெண்ணும் வாசிக்கலாம். சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படுவது எத்தனை கிலோ என்பதை அவள் கேட்டே அறியவேண்டியுள்ளது.