அலையைக் கேட்டு இடமறிந்த வரலாறு

1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக்கோளை ஏவியபோது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிக ஆராய்ச்சிசாலையில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரு விஞ்ஞானிகள் அதன் ஒலியை வானொலிக் கருவியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்தில் ஒலித்து, கடந்து போனதும் தாழ்ந்துவிடுவதைப் போலவே, அந்தக் கோளின் அலைவரிசையும் அது தலைக்குமேல் கடக்கையில் சரிவதை அவர்கள் அளந்து, அந்தச் சரிவு ஒன்றைக்கொண்டே அதன் பாதை முழுவதையும் வகுத்துவிட்டார்கள். மறு ஆண்டு அவர்களுடைய தலைவர் ஃபிராங்க் மக்லூர், கோளின் பாதை தெரிந்திருக்குமாயின் கேட்பவன் நிற்கும் இடத்தையும் இதே கணிதம் சொல்லுமே என்று யோசித்தார்; டிரான்ஸிட் என்னும் வழிகாட்டித் திட்டம் அந்த யோசனையில் பிறந்தது.

பின்னர் கேட்கும் செவியே ஆகாயத்துக்கு ஏறிற்று. பனிப்போரின் நடுவிலும் அமெரிக்காவும் சோவியத் நாடும் கனடா, பிரான்ஸ் தேசங்களோடு சேர்ந்து 1979-இல் அபாய அறிவிப்புகளைக் கோள்களால் கேட்க உடன்பட்டன. 1982 செப்டம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வீழ்ந்த சிறு விமானம் ஒன்றின் அறிவிப்பை சோவியத் கோள் கேட்டுச் சொல்ல, மூவர் பிழைத்தனர்.

அபாயக் குரலைக் கேட்ட செவி, வழிகாட்டும் அலைகளைக் கெடுப்பவர்களைத் தேடவும் உதவியது. கோள்களிலிருந்து வந்து இடங்காட்டும் ஜி.பி.எஸ். அலையோ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கி வருகையில், பெறும் கருவியின் சொந்த இரைச்சலைக் காட்டிலும் மெலிந்துவிடுகிறது. ஆகையால் அதை அமுக்கிவிட ஜாமர் என்னும் எளிய குறுக்கீட்டுக் கருவியே போதும். 2018-இல் கிழக்கு மத்தியதரைக் கடலின்மீது பறந்த பயணிகள் விமானங்களில் ஜி.பி.எஸ். அறுந்துபோவதாக விமானிகள் முறையிட்டபோது, அதற்குக் காரணமான இடத்தை சிரியாவின் யுத்தபூமிக்குள் நுழைந்து தேடுவது யாருக்குச் சாத்தியம்? 2017-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டிருந்த ஃபோட்டான் என்னும் கருவி, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அப்பகுதியைக் கடந்தபடியே அங்கிருந்து எழுந்த அலைகளை அப்படியே பதிவு செய்துகொண்டது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் டாட் ஹம்ஃப்ரீஸ் குழுவினர் அப்பதிவைப் பிரித்து, ஜி.பி.எஸ். அலையின் சாயலைப் பூண்டு வந்த அந்நிய அலையைத் தேடிப் பிடித்து, ஸ்புட்னிக் நாளில் கண்ட அதே சரிவை அதில் அளந்தார்கள். கணக்கு சுட்டியது சிரியாவின் மேற்குக் கரையிலுள்ள கிமைமிம் என்னும் ரஷ்ய விமானத் தளத்தை. 2018 இறுதியில் ஹாக்ஐ 360 என்ற நிறுவனம் மூன்று கோள்களை அணியாகப் பறக்கவிட்டது. ஓர் அலை மூன்றையும் எட்டும் நேரத்திலும் அதிர்வெண்ணிலும் உள்ள வித்தியாசத்தைக்கொண்டு அது புறப்பட்ட இடத்தை அவை அறிந்தன. 2022-இல் உக்ரைன் பகுதியில் நடந்த குறுக்கீடுகளையும் அந்நிறுவனத்தின் கோள்கள் கண்டன.

அபாயக் குரலைக் கேட்க 1979-இல் கூடிய தேசங்கள், இந்த அலைக் குறுக்கீட்டையும் கூட்டாகவே கண்காணித்து, கண்ட இடங்களை விமானிகளுக்கும் மாலுமிகளுக்கும் தாமதமின்றி அறிவிக்க முன்வர வேண்டும்.